பைரசி: கடலில் பிறந்த சொல் புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் வந்த கதை

புதுப்படம் வெளியான அன்று மாலையே ஏதாவது ஒரு டெலிகிராம் குழுவில் லிங்க் வந்துவிடுகிறது. யாராவது ஒருவர் "இது பைரசி, பகிராதீங்க" என்று எழுதுவார். உடனே இன்னொருவர் "நாங்க என்ன கப்பலையா கொள்ளையடிச்சோம்?" என்று கேட்பார். அது உண்மையிலேயே நல்ல கேள்வி. கப்பலைக் கொள்ளையடிப்பவனுக்கு வைத்த பெயரை, வீட்டில் உட்கார்ந்து ஒரு படத்தை டவுன்லோடு செய்பவனுக்கு ஏன் வைத்தார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பைரசி பற்றிப் பாதி விஷயம் புரிந்த மாதிரி, அதனால் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் அர்த்தம். பைரசி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று இரண்டு அர்த்தம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று கடற்கொள்ளை. இன்னொன்று, ஒருவருடைய புத்தகம், படம், பாட்டு, மென்பொருள் போன்றவற்றை அவருடைய அனுமதி இல்லாமல் நகலெடுத்து விற்பது அல்லது பரப்புவது. தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வார்த்தைதான் சொல்கிறோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மீனவர்களைக் கடலில் மறித்து வலையையும் ஜிபிஎஸ் கருவியையும் பிடித்த மீனையும் பறித்துக்கொண்டு போனால் பத்திரிகையில் "கடற்கொள்ளையர்கள் தாக்குதல்" என்று போடுகிறார்கள். படத்தை நகலெடுத்து விற்றால் அது "திருட்டு விசிடி". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. கிரேக்க மொழியில் பெய்ரா என்றால் முயற்சி, சோதித்துப் பார்த்தல். அதிலிருந்து பெய்ராதேஸ் என்ற சொல் வந்தது: துணிந்து இறங்குபவன், ஒரு கை பார்ப்பவன், பாய்ந்து தாக்குபவன் என்று பொருள். லத்தீனில் அது பிராட்டா ஆனது, அங்கிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் என்று போய் பைரேட் ஆகிவிட்டது. பைரேட் செய்யும் தொழில் பைரசி. அனுபவம், பரிசோதனை என்ற பொருளில் ஆங்கிலத்தில் எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பெரிமென்ட் என்று சொல்கிறோம் அல்லவா, அவையும் இதே குடும்பத்துச் சொற்கள்தான். ஆக, பிறந்த வேரில் திருட்டு என்ற பொருளே கிடையாது. கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், பழங்காலத்தில் இந்தத் தொழிலை யாரும் கேவலமாக நினைக்கவில்லை, அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்.

கேவலமானது ரோமர் காலத்தில். மத்தியதரைக் கடல் முழுக்க ரோமின் தானியக் கப்பல்கள் ஓடிய காலம் அது, கொள்ளைக்காரர்கள் வழிமறித்தால் தலைநகரமே பட்டினி கிடக்கும். கி.மு. 67இல் பாம்பே என்ற தளபதிக்குப் பெரிய அதிகாரம் கொடுத்து அனுப்பினார்கள், அவர் சில மாதங்களிலேயே கடலைத் துடைத்துவிட்டார். அதே தலைமுறையைச் சேர்ந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒரு கருத்தைச் சொன்னார், அது இன்றுவரை சட்டத்தில் நிற்கிறது. போரில் எதிரி என்றால் அவனுக்கும் ஒரு நாடு உண்டு, அவனிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்; கடற்கொள்ளைக்காரன் அப்படிப்பட்ட எதிரி கிடையாது, அவன் எல்லோருக்கும் பொது எதிரி, அவனுக்குத் தருவதாகச் சொன்ன மீட்புப் பணத்தைத் தராவிட்டாலும் குற்றமில்லை என்றார். எந்த நாட்டுக் கடற்படையும் கடற்கொள்ளையனைப் பிடிக்கலாம், எந்த நாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று இன்று இருக்கும் விதிக்கு விதை இதுதான்.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலிய மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் குறிப்பில் பொதுகே என்று வரும் துறைமுகம் இந்தப் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே குறிப்பு நம் மேற்குக் கரையோரத் தீவுகளைச் சொல்லும்போது அங்கே கொள்ளையர்கள் இருப்பதாக எச்சரிக்கிறது. சேரர் துறைமுகமான முசிறிக்குப் போகாமல் இருப்பதே நல்லது, பக்கத்தில் கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியும் எழுதினார். நம் பதிற்றுப்பத்தில் சேரன் நெடுஞ்சேரலாதன் கடலுக்குள் போய்ப் பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டிய செய்தி வருகிறது. அந்தப் பகைவர் ரோமர்கள் பயந்த அதே கொள்ளைக்காரர்களாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் கவனியுங்கள், ரோமானியருக்குக் கொள்ளையராகத் தெரிந்தவர்கள் சேரனின் புலவருக்குப் பகைவராகத்தான் தெரிகிறார்கள். கொள்ளையன் என்ற பெயரை யார் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் இலக்கணத்திலிருந்தே ஓர் உதாரணம் சொன்னால் மீதி எளிதாகப் புரியும். புறத்திணையில் வெட்சி என்று ஒன்று உண்டு, பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது. தொல்காப்பியர் அதைக் களவு என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறார், ஆனால் செய்பவர்களை "வேந்துவிடு முனைஞர்" என்கிறார், அதாவது அரசன் அனுப்பிய ஆட்கள். அரசன் அனுப்பியதால் களவு போராகிவிடுகிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இதை இரண்டாகவே பிரிக்கிறது: அரசன் சொல்லிப் போனால் மன்னுறு தொழில், தானாகப் போனால் தன்னுறு தொழில். மாடு இரண்டிலும் போகத்தான் செய்கிறது, மாட்டுக்காரனுக்கு நஷ்டம் ஒன்றுதான். அனுமதிதான் வித்தியாசம்.

ஐரோப்பியர்கள் கடலில் இதையே காகிதத்தில் எழுதினார்கள். போர்க்காலத்தில் ஓர் அரசு தனியார் கப்பல்காரனுக்கு ஒரு கடிதம் கொடுக்கும், எதிரி நாட்டு வணிகக் கப்பலைப் பிடித்துக்கொள், பிடித்ததில் உனக்கும் பங்கு உண்டு என்று. அந்தக் கடிதம் இருந்தால் அவன் பிரைவேட்டியர், பிரெஞ்சில் கோர்சேர். இல்லாவிட்டால் பைரேட், பிடிபட்டால் தூக்கு. ராபர்ட் சுர்கூஃப் கதையைக் கேளுங்கள். பிரான்சின் சேன் மாலோ ஊர்க்காரர், மொரீஷியஸைத் தளமாக வைத்துக்கொண்டு நம் வங்கக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களை வேட்டையாடியவர். 1796இல் டிரைட்டன் என்ற பெரிய கப்பலை அவர் பிடித்தபோது அவரிடம் அந்தக் கடிதம் கிடையாது, கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. அதனால் மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநரே அவர் பிடித்துவந்ததை எல்லாம் பறிமுதல் செய்துவிட்டார். சுர்கூஃப் விடாமல் பாரிஸ் வரை போய் முறையிட்டுத் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கினார். அப்புறம் 1800இல் கென்ட் என்ற கப்பலைப் பிடித்தார், இந்தமுறை கையில் முறையான கடிதம். அதே கடல், அதே வேலை. அந்தக் காலத்தில் புதுச்சேரியே ஆங்கிலேயர் பிடியில்தான் இருந்தது, ஆகவே இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் வீரர், கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்குக் கொள்ளைக்காரர். இந்தக் கடிதம் கொடுக்கும் வழக்கம் 1856இல் பாரிஸ் பிரகடனத்தோடு முடிவுக்கு வந்தது.

அதற்கு முன்னால் போர்ச்சுகீசியர்கள் செய்ததும் இதேதான். கார்ட்டாஸ் என்று ஒரு சீட்டு. கப்பலின் பெயர், தலைவன் பெயர், கப்பலின் அளவு, எத்தனை ஆயுதம், எந்த ஊருக்குப் போகிறது, மிளகு ஏற்றக் கூடாது, வழியில் எங்கள் துறைமுகத்துக்கு வந்து வரி கட்டிவிட்டுப் போக வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத கப்பலை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பல நூறு ஆண்டாக இந்தக் கடலில் ஓடிக்கொண்டிருந்த, கடலோர முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களின் கப்பல்களுக்கு, நேற்று வந்தவர்களிடம் சீட்டு வாங்கினால்தான் போக முடியும் என்ற நிலை. எதிர்த்து நின்ற கேரளத்துக் குஞ்ஞாலி மரைக்காயரைக் கடற்கொள்ளையன் என்று சொல்லி 1600இல் கோவாவில் கொன்றார்கள். நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே அந்தப் பரங்கியர் இருக்கிறார்கள், இன்னமும் அங்கே மரைக்காயர் குடும்பங்களும் இருக்கின்றன.

கடலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இன்னொன்று இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்ததே, அதை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. பீரங்கியால் சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊரெல்லாம் எங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லும் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. அதே காலகட்டத்தில் மேற்குக் கரையில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே, தன் கடலில் போகும் கப்பல்கள் தன்னிடம் தஸ்தக் என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார், வாங்காத கப்பல்களைப் பிடித்தார். ஐரோப்பியர் செய்த அதே காரியம். ஆனால் ஆங்கிலேயர் அவரைக் கொள்ளைக்காரன் என்றுதான் எழுதினார்கள். அவருடைய மகன் துலாஜியின் விஜயதுர்க் கோட்டையை, மராட்டியப் பிரதமரான பேஷ்வாவோடு கூட்டுச் சேர்ந்து, 1756 பிப்ரவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கோட்டைக்குள் கிடைக்கப்போகும் செல்வத்தை அதிகாரிகள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவைத்திருந்தார்கள், பேசியபடி பங்கும் போட்டார்கள். அந்தப் படையெடுப்பில் இருந்த ராபர்ட் கிளைவ் அதை முடித்துவிட்டு நேராக வந்து பொறுப்பேற்ற இடம், நம் செயின்ட் டேவிட் கோட்டை. கான்ஹோஜியின் பெயரை இன்று இந்தியக் கடற்படை மும்பையில் தன் தளத்துக்கே வைத்திருக்கிறது, ஐஎன்எஸ் ஆங்கரே. அவரைக் கொள்ளைக்காரன் என்று எழுதிய அநியாயத்தைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் அழுத்திச் சொல்லித்தர வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்காகக் கடற்கொள்ளை என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்றைய சர்வதேசச் சட்டம் அதைத் தெளிவாக வரையறுக்கிறது. 1982இல் உருவான ஐ.நா. கடல்சார் உடன்படிக்கையின் 101ஆவது பிரிவுப்படி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில், ஒரு தனியார் கப்பலில் இருப்பவர்கள் இன்னொரு கப்பலைச் சொந்த நோக்கத்துக்காகத் தாக்கினால், பிடித்துவைத்தால், கொள்ளையடித்தால் அது பைரசி. சொந்த நோக்கத்துக்காக என்ற அந்த நிபந்தனை நம் தன்னுறு தொழிலேதான். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது அந்தந்த நாட்டின் சட்டப்படி ஆயுதக் கொள்ளை, அப்போது பைரசி என்ற பெயர் சட்டத்தில் வராது. இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் வெகுநாள் இல்லாமலே இருந்தது, 2022இல்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் ரூயென் என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து நம் கடற்படை மீட்டபோது 35 பேர் பிடிபட்டார்கள், 17 மாலுமிகள் உயிரோடு வந்தார்கள். கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் முதல் அர்த்தம் பழங்கதை ஆகாது.

சரி, கப்பலிலிருந்து புத்தகத்துக்கு எப்படித் தாவியது? லண்டனில்தான். 1557இல் அங்கே அச்சுக்காரர்களின் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. யார் ஒரு நூலைச் சங்கத்தின் பதிவேட்டில் முதலில் பதிகிறாரோ அவருக்கே அதை அச்சிடும் உரிமை. இன்னொருவர் அதே நூலை ரகசியமாக அச்சிட்டால்? ஸ்பெயின் கப்பல்களைக் கொள்ளையடித்த கதைகள் ஊரெல்லாம் பேசப்பட்ட காலம் அது, ஆகவே வாய்க்கு வந்த வசவு பைரேட். 1603இல் தாமஸ் டெக்கர் என்ற எழுத்தாளர் அடுத்தவர் எழுத்தைத் திருடுபவர்களை "சொற்கொள்ளையர்" என்று திட்டி எழுதியிருக்கிறார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இது வசவாக இல்லாமல் தொழில்சொல்லாகவே ஆகிவிட்டது. இங்கேயும் பிரச்சினை அதேதான், கையில் அனுமதி இருக்கிறதா இல்லையா. சங்கத்தின் அனுமதியாக இருந்தது 1710இல் வந்த சட்டத்தோடு எழுதியவரின் உரிமையாக மாறத் தொடங்கியது. பதிப்புரிமை என்று நாம் சொல்வது அதைத்தான். காப்புரிமை வேறு, அது கண்டுபிடிப்புகளுக்கு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு புது இயந்திரம் வந்தபோதும் இந்தச் சொல் அதோடு ஒட்டிக்கொண்டது. 1920களில் இங்கிலாந்தில் லைசென்ஸ் கட்டாமல் ரேடியோ கேட்டவர்களைப் பைரேட் என்றார்கள் (தபால் ஆபீசில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸ் கட்டியது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்). 1964இல் ரேடியோ கரோலைன் என்ற நிலையம் உண்மையிலேயே கப்பலில் இருந்து, கரைக்கு வெளியே நின்று ஒலிபரப்பியது, அதுவும் பைரேட் ரேடியோ. பிறகு கேசட், விசிடி, டிவிடி, இணையத்தில் ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் டாரண்ட். 2006இல் சுவீடனில் பதிப்புரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் பைரேட் கட்சி என்றே ஒரு கட்சி தொடங்கினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது, அது உரிமை மீறல் என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தியேட்டரில் கேமரா வைத்துப் படம் பிடிப்பதற்கு 2023இல் சினிமாச் சட்டத்தைத் திருத்தினார்கள்: 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம், அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். தமிழ்நாட்டில் இன்னும் ஒருபடி மேலே போய், குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004இல் வீடியோ பைரேட்ஸ் என்ற வகையைச் சேர்த்தார்கள், சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அது தமிழ்நாட்டுச் சட்டம், முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் செல்லாது. மத்தியச் சட்டங்கள் இரண்டு பக்கமும் பொருந்தும்.

அப்படியானால் நகலெடுப்பது திருட்டா? சட்டம் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்லை. என் சைக்கிளை நீங்கள் எடுத்துப் போனால் என்னிடம் சைக்கிள் இருக்காது, என் புத்தகத்தை நகலெடுத்தால் என் பிரதி என்னிடமே இருக்கும். 1985இல் டௌலிங் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டு, பதிப்புரிமை மீறல் சாதாரணத் திருட்டு ஆகாது, வேறு வகைக் குற்றம் என்றது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் திருட்டு ஆகாது என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு திருட்டுப் பதிப்பையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடுவதால் எழுத்து லேசாக உப்பியிருக்கும். ஐ, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழி அடைத்துக்கொண்டு கருப்புப் புள்ளியாகத் தெரியும். நடுவில் சில பக்கங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், புகைப்படம் இருந்தால் முகம் அடையாளமே தெரியாது. அட்டை லேமினேஷன் ஓரத்தில் உரியும், முதுகை நன்றாக விரித்தால் தாள் கையோடு வந்துவிடும். உள்பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரும் ஆண்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதையும் சேர்த்துத்தானே ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பிரதிக்குக் கொடுத்த காசில் எழுதியவருக்கும் மெய்ப்புப் பார்த்தவருக்கும் அட்டை வரைந்தவருக்கும் ஒரு பைசா போகாது. தமிழில் பல புத்தகங்கள் இன்று சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன, அவற்றின் பிடிஎஃப் ஒரு குழுவில் விழுந்துவிட்டால் அடுத்த புத்தகம் போடுவதா வேண்டாமா என்று அந்தச் சிறிய பதிப்பாளர் யோசிக்கத்தான் செய்வார். இதை நான் கோபமாகவே சொல்கிறேன், தமிழில் புதிதாக நல்ல புத்தகம் வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் அந்த பிடிஎஃப்பைப் பரப்பக் கூடாது.

அதே சமயம் எதையெடுத்தாலும் பைரசி என்று பயப்படவும் வேண்டாம். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகம் வாங்குவது பைரசி ஆகாது, ஒருமுறை முறையாக விற்ற பிரதியை வாங்கியவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், நண்பருக்குப் படிக்கக் கொடுக்கலாம். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் நகலெடுக்கச் சட்டமே இடம் தருகிறது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் நூல் எல்லோருக்கும் பொது. அதற்கு முன்பே பொதுவாகும் வழியும் நம்மிடம் உண்டு, நாட்டுடைமை. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்து எழுதினாரே, அந்தப் பாட்டுகளின் உரிமை அவர் இறந்த பிறகு கைமாறிக் கைமாறி, 1949இல் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது, பிறகு மக்களுக்கே பொதுவானது. இன்று நீங்கள் பாரதியை அச்சடித்து விற்றாலும் யாரும் கேட்க முடியாது. பாரதிதாசன் நூல்களும் நாட்டுடைமை ஆனவை. ஆனால் வேறொருவர் சமீபத்தில் எழுதிய உரையோடு வந்த பதிப்பு என்றால் அந்த உரைக்குத் தனி உரிமை இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிடிஎஃப் கைக்கு வந்தால் முதலில் உரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், எழுதியவர் இருக்கிறாரா, எப்போது இறந்தார், உரிமை யாருக்கு என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தால் அதில் சொல்லியிருக்கும் நிபந்தனைப்படி பகிரலாம். பழந்தமிழ் நூல்கள் வேண்டுமென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்தே வைத்திருக்கிறார்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் நிறைய இருக்கின்றன. இரண்டும் இலவசம், பதிவிறக்கம் செய்யக் கணக்குத் தொடங்க வேண்டியதுகூட இல்லை.